டீச்சரைக் கேளுங்கள்: அமெரிக்காவிலேயே எடுத்துவிட்டார்களாமே?

(பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, வாசகர்களின் கல்விக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் மகன், "அமெரிக்க உச்ச நீதிமன்றமே இனம் பார்த்துக் கல்லூரி இடம் தரக் கூடாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் இன்னும் 69 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்" என்கிறான். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன், சட்டம் தெரியாது. என்ன பதில் சொல்வது, டீச்சர்?
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, மகன் சொன்ன செய்தி சரி. 2023 ஜூன் 29 அன்று தீர்ப்பு வந்தது. ஹார்வர்டும் வட கரோலினா பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்தது செல்லாது என்றார்கள். ஆனால் அங்கே எடுத்தது ஒன்று, இங்கே இருப்பது வேறொன்று.

நாம் சொல்லும் இட ஒதுக்கீடு அமெரிக்காவில் 1978-லேயே போய்விட்டது. கலிபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மை மாணவர்களுக்கு வைத்திருந்தது. ஆலன் பாக்கி என்ற வெள்ளை மாணவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். இத்தனை இடம் என்று எண்ணி வைக்காதே, வேண்டுமானால் பல விஷயங்களில் ஒன்றாக இனத்தையும் பார்த்துக்கொள் என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணம், பல தரப்புப் பிள்ளைகள் இருந்தால் வகுப்பறைக்கு நல்லது என்பதுதான். அடிமைத்தனத்துக்கும் அதன் பிறகு நடந்ததற்கும் சமூகம் பட்ட கடன் என்ற வாதம் எடுபடவில்லை. கறுப்பினப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது பக்கத்து பெஞ்சுக்காரனின் அறிவு வளர்ச்சிக்காக என்றால், அந்தக் காரணம் எத்தனை நாள் தாங்கும்? 45 வருஷம் தாங்கியது. அதுவே அதிகம்.

எண்ணக் கூடாது என்று ஆனதும் எல்லாம் மூடிய அறைக்குள் போய்விட்டது. மதிப்பெண், விளையாட்டு, கட்டுரை, குணம் என்று எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, 'முழு மனிதரையும் பார்க்கிறோம்' என்றார்கள். ஹார்வர்டு வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் எனக்கே உறுத்தியது. ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நல்ல புள்ளி, ஆனால் குணநலன் புள்ளி மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு. வேண்டுமென்று செய்யவில்லை என்று கீழ் நீதிமன்றம் நம்பியது. என் மகளுக்கு அப்படிப் புள்ளி போட்டிருந்தால் நானும் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். உங்கள் மகனின் கோபத்தில் அந்தப் பங்கு நியாயமானது. நான் மறுக்க மாட்டேன்.

அடுத்ததாக அவரிடம் ஒன்று கேளுங்கள். அதே வழக்கில், ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கும் வெளிவந்தது. மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஆறு. அங்கே சேர்ந்த வெள்ளை மாணவர்களில் 40 சதவீதத்துக்கு மேல், ஒன்று விளையாட்டு வீரர்கள், அல்லது பழைய மாணவர், பேராசிரியர், பெரும் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள். தீர்ப்பு இந்தக் கதவைத் தொடவே இல்லை. நம்மூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்ந்தவனிடம் யாராவது "உன் கட்-ஆஃப் என்ன?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

வித்தியாசம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களிலிருந்து அமெரிக்க அரசே வீட்டுக் கடனுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்தது. அங்கே கடன் கிடைக்காது. அதனால் வீட்டு விலை ஏறவில்லை. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பெரும் பணம் அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. கொருக்குப்பேட்டை வீட்டு வரியில் மட்டும் கொருக்குப்பேட்டை பள்ளி, பெசன்ட் நகர் வரியில் பெசன்ட் நகர் பள்ளி என்று நடத்தினால் எப்படி இருக்கும்? இங்கே அப்படி வரி பிரிக்காமலே லேபில் எங்களுக்கு இருந்தது இரண்டே வோல்ட்மீட்டர்.

தீர்ப்பு வந்த அடுத்த வருஷம், 2024-ல், எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 5 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சராசரி 13. இத்தனைக்கும் அது பழைய மாணவர் வீட்டுப் பிள்ளை என்று சலுகை தராத இடம்.

இன்னொன்று. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம், கல்லூரி அதைப் படிக்கலாம். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை தன் வீட்டுக் கஷ்டத்தை எழுதி, முன்பின் தெரியாத ஒருவரை உருக வைக்க வேண்டும். எழுத்துத் திறமை இருக்கிறவன் கஷ்டம் விலை போகும், இல்லாதவன் கஷ்டம் போகாது. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். விடியற்காலை காசிமேடு ஏலத்தில் அம்மாவோடு கூடை தூக்கிவிட்டு வந்து, முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாள். அவ்வளவு ரோஷம். நம் கவுன்சலிங் அவளிடம் கதை கேட்கவில்லை. சாதிச் சான்றிதழ், மதிப்பெண், ரேங்க், அவ்வளவுதான். நம் முறையில் நூறு குறை சொல்வேன். ஆனால் எத்தனை இடம், யாருக்கு, எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று வீதியில் நின்று படிக்கலாம். பி.சி. 30, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1, மீதி 31 எல்லோருக்கும் பொது. மறைக்க ஒன்றும் இல்லை.

நமக்கும் இதே மாதிரி தீர்ப்பு வந்ததுதான். 1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். (அந்த அம்மா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை!) இங்கே பெரும் கிளர்ச்சி. ஜூனிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தைத் திருத்துவது மலையைப் புரட்டுவது. மகனிடம் இதையும் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்னோடு சண்டைக்கு வருவார்.

கேள்வி: முதலாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். எஸ்.சி. இடத்தில் வந்தேன். ஹாஸ்டலில் கட்-ஆஃப் கேட்டுக் கிண்டல் செய்கிறார்கள். அவர்கள் 190-க்கு மேல், நான் 168. எனக்கே தகுதி இல்லையோ என்று தோன்றுகிறது.
மாணவர், வியாசர்பாடி

தம்பி, 168 எப்படி வருகிறது என்று உனக்குத் தெரியும். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. அதில் 168 வாங்கியவன் நியூட்டன் விதி தெரியாதவன் இல்லை. உனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு டியூஷன் சென்டர், ஒரு தனி அறை, தப்பைத் திருத்தித் தர வீட்டில் ஒரு ஆள். அவர்களை எதிரியாகப் பார்க்காதே, அவர்களும் ராத்திரி பகலாகப் படித்தவர்கள்தான். கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. ஒளிக்காதே. ஒளித்தால்தான் அது ஆயுதமாகும்.

முதல் செமஸ்டரில் கணக்குத்தான் காலை வாரும். உங்கள் கல்லூரியில் சீனியர்கள் ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறார்களா என்று விசாரி. இல்லாவிட்டால் பழைய வினாத்தாளோடு என் வீட்டுக்கு வா, ஆசிரியர் குழுவிடம் முகவரி இருக்கிறது. முதல் பட்டதாரி சலுகைக்கு விண்ணப்பித்தாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே. கிண்டல் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வரை போனால் அது கிண்டல் அல்ல, குற்றம். எழுத்தில் புகார் கொடு, நகலை வைத்துக்கொள்.

கேள்வி: சாதியே வேண்டாம், வருமானம் பார்த்துக் கொடுத்தால் போதாதா? கார் வைத்திருப்பவர் மகனுக்கும் சலுகை, ஆட்டோ ஓட்டும் என் மகனுக்கும் அதே சலுகை என்றால் நியாயமா?
ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒரே பிரிவுக்குள் மேலே இருப்பவர் முழுசாக அள்ளிக்கொண்டு போவது உண்டு. அதற்காகத்தான் 2009-ல் எஸ்.சி. 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தனியாகப் பிரித்தார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இது புதுக் கவலையும் இல்லை. நம்ம வண்ணாரப்பேட்டை தியாகராயச் செட்டியார் நீதிக்கட்சித் தலைவராக இருந்தபோது, 1921-ல், முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. அதே வருஷம் புளியந்தோப்பில், பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடர்களும் மற்றத் தொழிலாளர்களும் மோதிக்கொண்டார்கள். நீதிக்கட்சி தங்கள் பக்கம் நிற்கவில்லை என்று ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா 1923-ல் அதிலிருந்து வெளியேறினார். பங்கு கேட்டவர்களுக்குள்ளேயே பங்குச் சண்டை நூறு வருஷமாக இருக்கிறது.

வருமானம் மட்டும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. சம்பளக்காரன் வருமானம் தாளில் தெரியும், கடைக்காரன் வருமானம் அவன் சொல்வதுதான். மத்திய அரசின் பொருளாதார ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழ் என்றால் நலிந்தவராம். மாதம் 66 ஆயிரம்! உங்கள் ஆட்டோ அதில் பாதி ஓடுமா? அமெரிக்காவிலும் ஒரே சம்பளம் வாங்கும் கறுப்பர் வீட்டிலும் வெள்ளையர் வீட்டிலும் சொத்து ஒன்றாக இல்லை, தாத்தாவுக்கு வீட்டுக் கடன் கிடைத்ததா என்பது பேரன் வரை வருகிறது. அப்புறம், வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் யாரும் முதலில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறாள். இப்போது பத்தாவது. பதினொன்றுக்கு அரசுப் பள்ளியில் போட்டால் 7.5 சதவீதத்தில் டாக்டர் சீட்டுக்குக் கேட்கலாமா?
மீன் வியாபாரி, காசிமேடு

முடியாது, அம்மா. 2020-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. நான் வேலை பார்த்ததும் உதவி பெறும் பள்ளியில்தான். அதே தெருப் பிள்ளைகள், அதே தமிழ் மீடியம், அதே சத்துணவு. சுவருக்கு இந்தப் பக்கம் படித்ததால் கிடையாது என்றால் எனக்கும் வயிறு எரிகிறது. கோடு எங்கே போட்டாலும் ஒருத்தர் வெளியே நிற்பார், சரி, ஆனால் இந்தக் கோட்டைத் தள்ளிப் போடலாம் என்றே நினைக்கிறேன்.

இந்த ஒரு காரணத்துக்காக அவளைப் பள்ளி மாற்ற வேண்டாம். நீங்கள் எம்.பி.சி. என்றால் அந்த ஒதுக்கீடு அவளுக்கு அப்படியே இருக்கிறது. நீட் எழுதித்தான் ஆக வேண்டும். சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரப்போகும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் உடனே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் வரிசை ரோடு வரை நிற்கும்.