விசிட்டிங் போன பிள்ளை காயத்தோடு திரும்பினால்?

கேள்வி: விவாகரத்து வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கிறது. ஆறு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். இடைக்கால உத்தரவுப்படி சனி காலை அப்பாவிடம் போய், ஞாயிறு மாலை திரும்புகிறாள். இரண்டு வாரமாகக் கையில் கன்றிப்போன தடம். கேட்டால் ‘விழுந்துட்டேன்’ என்கிறாள். சனிக்கிழமை விடிந்தாலே அழுகை. இனி அனுப்பாமல் நானே நிறுத்திவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். உத்தரவு அமலில் இருக்கும்போது நீங்களாக நிறுத்தினால், எதிர்த்தரப்பு அவமதிப்பு மனு போடும். அடுத்த வாய்தாவில் காயத்தைப் பற்றிய பேச்சே எழாது. நீங்கள் உத்தரவை மீறியதுதான் விசாரணையாகும். தாய்மார்கள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வரும் சனிக்கிழமைக்குள் உங்கள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.

தடம் மறைவதற்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) கேளுங்கள். அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், தயங்காதீர்கள். முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். கன்றிய இடம் நிறம் மாறும் என்பதால் மறுநாளும் எடுங்கள். ஒரிஜினல் படங்கள் போனிலேயே இருக்கட்டும்.

பிள்ளையிடம் “அப்பா அடிச்சாரா?” என்று கேட்கவே கூடாது. “என்னாச்சும்மா?” என்பதோடு நிறுத்துங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி, நேரத்துடன் நோட்டில் குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப விசாரித்து வீடியோ எடுத்தால், ‘அம்மா சொல்லிக்கொடுத்தது’ என்ற வாதத்துக்கு நீங்களே வழி செய்ததாகிவிடும்.

இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்கு என்றால், 26-ஆம் பிரிவில் உத்தரவை மாற்றவோ நிறுத்திவைக்கவோ கேட்கலாம். அவசர மனுவாகப் போடச் சொல்லுங்கள். அடியோடு ரத்து கேட்பதைவிட, இரவு தங்கலை நிறுத்தி, நீதிமன்ற வளாகத்தில் கவுன்சலர் முன்னிலையில் மட்டும் சந்திப்பு, குழந்தையைக் கவுன்சலர் பார்த்து அறிக்கை தருவது என்று கேட்பதே பலிக்கும். மிகத் தீவிரமான சூழலில் மட்டுமே பெற்றோர் ஒருவரின் தொடர்பை முற்றிலும் மறுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் சொல்லியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு நிலுவையில் இருந்தால், அதன் 21-ஆம் பிரிவின்கீழ், குழந்தைக்குக் கேடு தரும் சந்திப்பை மாஜிஸ்திரேட் மறுக்க முடியும்.

பாலியல் சந்தேகம் துளி இருந்தாலும் கதை வேறு. வாய்தாவுக்காகக் காத்திருக்காதீர்கள், பிள்ளையையும் அனுப்பாதீர்கள். அன்றே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பதிய வேண்டும். அதிகாரி சீருடையில் வரக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் தகவல் தருபவருக்கு 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ‘நிரூபிக்க முடியாதே’ என்று பயந்து மூடி மறைக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலோடு அடுத்த வேலை நாளே குடும்ப நல நீதிமன்றத்தில் நிறுத்திவைப்பு மனு போட்டுவிடுங்கள்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கேள்வி: எனக்கு விசிட்டிங் மட்டுமே. அம்மாவோடு இருக்கும் எட்டு வயது மகன் தொடையில் சூட்டுத் தழும்போடு வந்தான். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, சார்.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் பையனை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால், கடத்திவிட்டதாகப் புகார் வரும். நேரம் முடிவதற்குள் அவனோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்தே 1098-க்குப் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். பையன் அன்றிரவு எங்கே இருப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் புகார் தந்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். கஸ்டடியை மாற்றக் கோரும் மனுவில் ஏ.ஆர். காப்பியோடு அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.