பிஜி விடுதியில் இருப்பவருக்கு எந்த நாப்கின் பாதுகாப்பு?

கேள்வி: வேலைக்காக மதுரையிலிருந்து பெங்களூரு வந்து பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) தங்கியிருக்கிறேன். நாப்கினில் கெமிக்கல் இருக்கிறது என்கிறார்கள். ஆர்கானிக் வாங்கலாமா, உள்ளே வைக்கும் மாதவிடாய் கப்புக்கு மாறலாமா?

நான் டாக்டர் இல்லை. அல்சூர் பக்கத்து பிஜிகளில் பல வருஷம் குப்பை கொட்டியவள், அவ்வளவுதான்.

கெமிக்கல் பயம் முழுக்க வாட்ஸாப் புரளி இல்லை. டெல்லியிலுள்ள டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2022-இல் 10 நாப்கின்களைச் சோதித்து, தாலேட் என்ற ரசாயனம் இருப்பதாகச் சொன்னது. பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்ப்பது அது, ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது. ஆர்கானிக் என்று விற்றவையும் அந்தப் பத்தில் உண்டு, அவையும் தப்பவில்லை. ஆனால் அதில் எவ்வளவு நம் உடம்புக்குள் போகிறது, போனால் என்ன ஆகும் என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை. ஆகவே ‘நாப்கின் வைத்தால் கேன்சர்’ என்று வரும் ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். ஆர்கானிக் என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு மடங்கு விலையும் கொடுக்காதீர்கள்.

நான் கறாராக இருப்பது வாசனை விஷயத்தில்தான். வாசனை நாப்கின் வேண்டவே வேண்டாம். என் அறைத்தோழி ஒருத்தி, “இல்லக்கா, ஆபீஸ்ல நாத்தம் தெரியும்” என்று அதையேதான் வாங்குவாள். பாக்கெட்டைப் பிரித்தால் அறை முழுக்க மல்லிகை செண்ட். மூன்றாம் நாள் அரிப்பும் எரிச்சலும். வாசனையில்லாததற்கு மாறினாள், நின்றுவிட்டது. எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனால் அந்த இடத்துத் தோல் சட்டென்று கோபித்துக்கொள்ளும். நாற்றம் போக வேண்டுமென்றால் அடிக்கடி மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று: மெடிக்கல் ஷாப்பில் கேட்ட மாத்திரத்தில் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டு நீட்டிவிடுவார்கள். சுற்றுவதற்கு முன் வாங்கிப் பின்பக்கத்தைப் படியுங்கள். தயாரித்த தேதி, வாசனை சேர்த்ததா, ஐஎஸ் 5405 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா, இதைப் பார்த்தால் போதும். பணம் இழுபறியா? ஜன் ஔஷதி மருந்தகத்தில் சுவிதா நாப்கின் 2019 முதல் ஒன்று ஒரு ரூபாய்.

சரி, கப். நல்ல சாமான்தான். மெடிக்கல் கிரேட் சிலிக்கோன் என்று போட்டிருந்தால் வாங்கலாம், பல வருஷம் வரும். 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவ வேண்டும், ஒவ்வொரு பீரியட்ஸுக்கும் முன்பு கொதிக்க வைக்க வேண்டும். பிஜியில் இடிப்பது இங்கேதான். சமையலறையை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள், பாத்ரூம் நாலு பேருக்குப் பொது, டேங்கர் வராத நாளில் ஒரு பக்கெட் தண்ணீர். கையை சோப்புப் போட்டுக் கழுவ முடியாத இடத்தில் கப் எவ்வளவு தரமானதாக இருந்தும் பயனில்லை. கர்ப்பப்பைக்குள் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. கப்பை இழுக்கும்போது அதுவும் இடம் மாறலாம்.

துணி பேடுக்கும் இதே கதை. பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் காய வேண்டும். ஜூலை மாத பெங்களூரில் வெயிலுக்கு எங்கே போவது? மொட்டை மாடிக் கொடியில் துப்பட்டாவுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் ஈரம் அப்படியே நிற்கும். அந்த ஈரத்தோடு மறுபடி வைப்பதைவிட ஒரு ரூபாய் நாப்கின் எவ்வளவோ மேல். உள்ளே வைக்கும் பஞ்சான டாம்பன் வைத்தால் எட்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அபூர்வமாக வந்தாலும் உயிருக்கே ஆபத்தான டாக்ஸிக் ஷாக் என்ற நச்சுப் பாதிப்பு உண்டு.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது வாசனையில்லாத சாதா நாப்கின். கம்மியாகப் பட்டாலும் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஆபீஸ் மேஜை டிராயரில் நாலைந்து கிடக்கட்டும். கழற்றியதைப் பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள். குப்பை எடுக்க வரும் அம்மா பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது. அரிப்பு, துர்நாற்றம், காய்ச்சல் என்று வந்தால் பிராண்ட் மாற்றிக்கொண்டிருக்காமல் மகளிர் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கப் ஆசை விடவில்லையென்றால் லீவுக்கு மதுரை போகும்போது முயன்று பாருங்கள். பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கொதிக்க வைக்க அம்மாவிடம் தனிப் பாத்திரம் வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.