சேவையைக் கணக்கில் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் வசிக்கிறேன். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து துணி திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடை ஒன்றைத் தொடங்க இருக்கிறோம். மூவரும் மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து இங்கே வந்தவர்கள். புதிதாகக் குடியேறிய பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து பேசவும், விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவி கேட்கவும் ஓர் இடமாக அது இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

வங்கியில் கடன் கேட்டோம். இந்த நாட்டில் எங்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மாமனார், “முதலில் வியாபாரத்தைப் பாருங்கள். நாலு காசு சேர்ந்த பிறகு தர்மம் செய்யலாம். இரண்டையும் கலந்தால் இரண்டும் போய்விடும்” என்கிறார். தெரிந்தவர்கள் சிலரோ, “நம் ஆட்களை மட்டும் வேலைக்கு வை, அவர்கள்தான் கூலி பார்க்காமல் உழைப்பார்கள்” என்கிறார்கள். இதுதான் நடைமுறையா? நாங்கள் வெறும் கனவு காண்கிறோமா?

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. கணக்கில்லாமல் கலந்தால் இரண்டும் போய்விடும். ஆனால் ‘முதலில் சம்பாத்தியம், அப்புறம் சேவை’ என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. ஒரு கடையின் குணம் முதல் ஓரிரு வருடங்களிலேயே படிந்துவிடுகிறது. போட்ட பணம் யாரிடமிருந்து வந்தது, வேலை செய்பவருக்குச் சம்பளம் எப்படிப் போகிறது, தயக்கமில்லாமல் யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். பத்து வருடம் கழித்து லாபத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் நன்கொடை நல்ல காரியம்தான். ஆனால் அதனால் கடை மாறிவிடாது.

வங்கி மறுத்ததை உங்கள் தகுதி மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் வரலாறு பொதுவாக நாடு விட்டு நாடு வருவதில்லை. இருபது வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டியவருக்கும் புதிய நாட்டின் ஏட்டில் பெயரே இருக்காது. குடியேறியவர்களும் சிறுபான்மையினரும் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக அவர்கள் கண்ட வழிகளும் அதே அளவு பழையவை. நியூயார்க்கில் யூதக் குடியேறிகளுக்காக 1892இல் ஹீப்ரு இலவசக் கடன் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் கையிருப்பு 95 டாலர். வட்டி கிடையாது, நம்பகமானவர்களின் ஜாமீன் கையெழுத்து போதும். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது, யூதர் அல்லாதவர்களுக்கும் கடன் தருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலியக் குடியேறிகளின் மகனான ஜியானினி 1904இல் பேங்க் ஆஃப் இத்தாலியைத் தொடங்கினார். பெரிய வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத சிறு வியாபாரிகளும் தொழிலாளிகளும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு மற்ற வங்கிகள் மூடிக்கிடக்க, அவர் கப்பல் துறையில் பலகை போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார். பிற்காலத்தில் அதுவே பேங்க் ஆஃப் அமெரிக்கா ஆனது.

நாம் சீட்டு என்று சொல்லும் முறை ஏறக்குறைய எல்லாக் குடியேறிச் சமூகங்களிடமும் உண்டு. கொரியர்களுக்கு அது ‘கே’, எத்தியோப்பியர்களுக்கு ‘எக்குப்’, ஜமைக்காக்காரர்களுக்கு ‘பார்ட்னர்’. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனுக்குப் போன கரீபியர்கள் பலர் வங்கி கை விரித்தபோது இப்படிப் பணம் சேர்த்துத்தான் வீடு வாங்கினார்கள். நீங்களும் சீட்டுப் பணத்தில் இயந்திரம் வாங்கலாம், மேசை நாற்காலி வாங்கலாம். மாத வாடகைக்கு மட்டும் அதை நம்பி இருக்காதீர்கள். வாடகை மாதாமாதம் வரும், சீட்டு எப்போதோ ஒரு முறைதான் விழும். முன்கூட்டியே எடுத்தவர் ஓடிப்போனால் கேட்க நாதி இல்லை என்பதால், எவ்வளவு நெருங்கியவர்களாக இருந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் கடன் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கடன் வரலாறு இல்லாதவருக்கு வாடகை ரசீதையும் மின் கட்டண ரசீதையும் பார்த்துக் கடன் தரும் சங்கங்கள் உண்டு.

மேகி லீனா வாக்கர் என்ற பெண்மணியைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1864இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். அவருடைய தாய் அடிமையாக இருந்தவர், பிற்பாடு துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி மேகி அந்தத் துணிகளை வெள்ளைக்காரர் வீடுகளுக்குச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவர். கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்று நொடிந்துபோய்க் கிடந்தபோது, 1899இல் அதன் பொறுப்பை ஏற்றார். 1903இல் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். சலவைத் தொழிலாளிப் பெண்களின் சில்லறைதான் அதன் முதல். பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்துச் சேமிக்கப் பழக்கினார். 1920 வாக்கில் சுமார் 600 குடும்பங்கள் அந்த வங்கிக் கடனில் வீடு வாங்கியிருந்தன. நாலு காசு சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த நாலு காசை யார் சேர்ப்பது, அது யாரிடம் திரும்பிப் போவது என்பதை முதல் நாளே தீர்மானித்தார்.

அவருடைய தோல்வியையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. 1905இல் செயின்ட் லூக் எம்போரியம் என்ற பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தார். கறுப்பினப் பெண்களுக்குக் கௌரவமான விற்பனை வேலை கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வெள்ளைக்கார வியாபாரிகள் மொத்த விற்பனையாளர்களை மிரட்டி, சரக்குக் கொடுக்காதே என்றார்கள். சொந்த மக்களும் போதுமான அளவு வந்து வாங்கவில்லை. கடை நஷ்டத்தில் ஓடிச் சில வருடங்களில் மூடப்பட்டது. நல்ல நோக்கம் இருந்தால் வாடிக்கையாளர் தானாக வந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் தையல் நேர்த்தியாக இருக்க வேண்டும், சொன்ன தேதியில் துணி கைக்கு வர வேண்டும். நூலும் ஜிப்பும் வாங்க ஒருவரை மட்டுமே சார்ந்திருக்கவும் கூடாது.

இனி, ‘நம் ஆட்கள் கூலி பார்க்காமல் உழைப்பார்கள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்த வரிதான். குடியேறியவர்களின் கடைகள் பலவும் இப்படித்தான் தலையெடுத்தன என்பது உண்மை. மனைவி சம்பளமில்லாமல் கல்லாவில் உட்கார்ந்தார், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சரக்கு அடுக்கினார்கள், புதிதாக வந்த உறவுக்காரர் கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டு பதினான்கு மணி நேரம் உழைத்தார். மொழி தெரியாதவருக்கு, விசா நிலை உறுதியில்லாதவருக்கு, வேறு எங்கும் போக முடியாது. அவர் போக முடியாமல் இருப்பதை விசுவாசம் என்று முதலாளி நினைத்துக்கொள்கிறார். இதைப் பற்றிச் சமூகவியலாளர்களிடையே பெரிய விவாதமே நடந்திருக்கிறது. மயாமி நகரின் கியூபர்களை ஆராய்ந்த அலெஹாந்த்ரோ போர்ட்டஸ், சொந்தச் சமூகத்தாரின் தொழில்களில் வேலை செய்வது புதிதாக வந்தவருக்கு முன்னேறும் வழியாக அமைகிறது என்றார். 1987இல் ஜிமி சாண்டர்ஸும் விக்டர் நீயும் கியூபர்கள், சீனர்கள் பற்றிய தரவுகளைப் பார்த்துவிட்டு, அந்த நன்மை பெரும்பாலும் முதலாளிகளுக்குத்தான் போகிறது, தொழிலாளிகளுக்கு இல்லை என்று மறுத்தார்கள். என் மனம் இரண்டாம் தரப்பின் பக்கம்தான். நம் ஆள் என்பதற்காக ஒருவருக்கு வேலை கொடுங்கள். நம் ஆள் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். கற்றுக்கொள்ளும் காலத்துக்கும் சட்டப்படியான கூலி கொடுங்கள், சம்பளச் சீட்டோடு கொடுங்கள். அவருக்கு அந்த நாட்டில் உருவாகும் முதல் வரலாறு அந்தச் சீட்டுதான். நாளை அவர் வீடு வாடகைக்குக் கேட்கும்போது அதைத்தான் காட்டுவார்.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிறார்கள். 1985இல் தொடங்கிய கூட்டுறவு வீட்டுப் பராமரிப்புச் சங்கம் அது. முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டுக்கே போய்க் கவனித்துக்கொள்ளும் பணி. பணியாளர்களில் பெரும்பாலோர் லத்தீன், கறுப்பினப் பெண்கள். பங்கு வாங்கிய தொழிலாளி நிறுவனத்துக்கு உடைமையாளர், ஆளுக்கு ஓர் ஓட்டு. பங்குப் பணத்தைச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவு நிறுவனமாக அது வளர்ந்தது. நீங்கள் உடனே அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று பேர் நடத்தும் கடைக்கு அது சுமை. ஆனால் நான்காவதாக வரும் பெண் ஐந்து வருடம் வேலை செய்த பிறகு பங்குதாரர் ஆக முடியுமா, எப்படி என்பதை இப்போதே உங்கள் மூவரின் ஒப்பந்தத்தில் எழுதி வைக்கலாம்.

‘நம் ஆட்களை மட்டும்’ என்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 1992 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் கொரியர்களின் கடைகள் 2,000க்கும் மேல் சேதமாயின. கறுப்பின இளைஞர் ஒருவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்ததுதான் உடனடிக் காரணம். கொரியர்களுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரிய கடைகள் கைவிட்டுப் போன பகுதிகளில், வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடை வைத்து இரவு பகலாக உழைத்த குடும்பங்கள் அவை. ஆனாலும் பல கடைக்காரர்கள் வேறு பகுதியில் வசித்தார்கள், அக்கம்பக்கத்தாரை வேலைக்கு வைத்தது குறைவு, வாடிக்கையாளரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்ற கசப்பு வெகு நாளாக ஊறியிருந்தது. கறுப்பின மக்களுக்கோ கடை வைக்க வங்கிக் கடனே எளிதில் கிடைக்காது. மேலே இருப்பவர்கள் மீதான கோபம் எதிரே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மீது விழுந்தது. இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளும் வணிகச் சிறுபான்மையினர் பற்றிச் சமூகவியலாளர் எட்னா பொனாசிச் 1973இலேயே எழுதியிருந்தார். கலவரத்தின்போது காவல்துறையும் கொரியர்களைக் கைவிட்டது.

நியூயார்க்கில் வேறொன்று நடந்தது. 2017 ஜனவரியில் ஏமன் உட்பட ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை வந்தது. பிப்ரவரி 2ஆம் தேதி, ஏமன்காரர்கள் நடத்தும் சுமார் ஆயிரம் மூலைக்கடைகள் மதியம் முதல் இரவு வரை மூடப்பட்டன. நள்ளிரவிலும் திறந்திருக்கும் கடைகள் அவை. புரூக்ளின் நகர மன்றத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஏமன்காரர் அல்லாத அக்கம்பக்கத்தார் மூடிய ஷட்டர்களில் ஆதரவுக் குறிப்புகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தினமும் பெயர் சொல்லி நலம் விசாரித்து, காசு குறைந்தால் நாளைக்குக் கொடு என்று சொன்ன கடைக்காரருக்காக அவர்கள் வந்தார்கள். நீங்கள் மூவரும் மூன்று நாட்டவர் என்பது உங்களுக்கு வாய்த்த பலம். அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, படிவம் நிரப்பும் உதவி. இங்கேதான் மாமனாரின் பாதி சரி முழுதாகப் பொருந்துகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் வேலைக்கு நடுவே உதவினால் தைக்க வேண்டிய துணி தேங்கும், உங்களுக்குள் சண்டை வரும். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம் என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கு யார் பொறுப்போ அவருக்குச் சம்பளம் போடுங்கள். அதை வாடகை, மின்சாரம் போல ஒரு செலவாகக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள். வருட முடிவில் பார்த்தால் உங்கள் சேவைக்கு எவ்வளவு செலவானது என்று தெரியும். கூட்டவோ குறைக்கவோ கண் திறந்து முடிவெடுக்கலாம். இன்னொரு எச்சரிக்கை: விசா, குடியுரிமை தொடர்பான ஆலோசனை கொடுக்காதீர்கள். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பதிவில்லாமல் அப்படி ஆலோசனை தருவது குற்றம். காசு வாங்கவில்லை என்பது அங்கே சாக்கு ஆகாது. உங்கள் நாட்டின் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைப் பதிவு, மின் இணைப்பு என்று உதவ வேண்டியவை நிறைய இருக்கின்றன.

கடைசியாக இடம். சமூகத்தோடு ஒட்டி வாழ்ந்த நல்ல கடைகள் பல நஷ்டத்தால் மூடவில்லை, குத்தகை முடிந்ததால் மூடின. தெருவுக்குக் களை வரக் காரணமானவர்களே வாடகை ஏறியதும் வெளியேற வேண்டியிருக்கிறது. லண்டனில் செவன் சிஸ்டர்ஸ் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே லத்தீன் அமெரிக்க வியாபாரிகளின் சந்தை இருந்தது. அந்தக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்தை அவர்கள் பத்து வருடத்துக்கும் மேல் எதிர்த்தார்கள். 2021இல் கட்டுமான நிறுவனம் விலகிக்கொண்டது. அதற்குள் அவர்கள் வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், அந்த இடத்தைச் சமூகமே நடத்துவதற்கான மாற்றுத் திட்டத்தையும் தயாரித்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் கடைக் குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் கையெழுத்துப் போடும்போதே அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கவும் வழி இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் படிக்காமல் கையெழுத்திடுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பக்கங்களில்தான்.

ஆகவே ஒப்பந்த நகலை வாங்கி, காசு கொடுத்தாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எத்தனை வருடம், புதுப்பிக்கும் உரிமை உண்டா, வாடகை எப்போது எந்த அளவுக்கு ஏறும், கடை மூடினால் உங்கள் வீட்டுச் சொத்து வரை கை வைப்பார்களா என்று நான்கையும் கேளுங்கள். பதில் கிடைத்ததும் மாமனாரையும் உட்காரவைத்து, படிவ உதவிக்கான சம்பளத்தையும் சேர்த்து ஒரு வருடச் செலவுக் கணக்கைப் போடுங்கள். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். கேட்கட்டும், அப்படி ஒருவர் உங்களுக்குத் தேவை.

அன்புடன்.