இரண்டு ஸ்கூப் போட்டால் டோனட் ஏன் ரப்பராகிறது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஜிம்முக்குப் போகிறான். மைதா வேண்டாம், எண்ணெயில் பொரித்தது வேண்டாம், புரோட்டீன் நிறைய இருக்கிற மாதிரி சாக்லேட் டோனட் செய்து கொடு என்கிறான். மாவில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் சாக்லேட் புரோட்டீன் பவுடர் இரண்டு ஸ்கூப் போட்டு, ஓவனில் 20 நிமிடம் வைத்தேன். ரப்பர் மாதிரி வந்தது. பிய்த்தால் இழுக்கிறது, வாயில் வைத்தால் தொண்டையை அடைக்கிறது. எங்கே தப்பு, அக்கா?
ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: பவுடரும் அதிகம், நேரமும் அதிகம். கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை.

அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் வே புரோட்டீன். பாலைத் திரித்துப் பனீர் எடுக்கும்போது தெளிவாக ஒரு தண்ணீர் வடியுமே, அதில் இருக்கிற புரதம்தான் அது. மாவு வேகிற மாதிரி அது வேகாது. சூடு பட்டதும் இறுகும், இறுகும்போது உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். முட்டைப் பொரியலை இரண்டு நிமிடம் மறந்து அடுப்பிலேயே விட்டுவிட்டால் வறவறவென்று ஆகிவிடும் இல்லையா, அதே கதைதான். மொத்த மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பவுடர் போகக் கூடாது என்பது என் கணக்கு. நீங்கள் பாதி போட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், பவுடர் இல்லாமலே முதலில் ஒரு முறை செய்து பாருங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். என் அம்மாவுக்கு 76 வயது. பல் கட்டியதிலிருந்து சுண்டல் பக்கம் போவதில்லை, முட்டையை வாடை என்று தள்ளிவிடுவார். காலையில் காபியும் பிஸ்கட்டுமாகவே ஓடியது. கை மெலிந்துகொண்டே போனதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்காக நாலைந்து மாதம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து நிலைத்த அளவுதான் கீழே இருப்பது. இன்றும் காபியில் தோய்த்து, விள்ளல் விள்ளலாகப் பிட்டு, ஒன்று முழுசாகச் சாப்பிட்டுவிடுகிறார்.

எட்டு டோனட்டுக்கு: கோதுமை மாவு 75 கிராம், பொட்டுக்கடலை மாவு 45 கிராம், இனிப்பில்லாத கோகோ 20 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை இரண்டு. கால் லிட்டர் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கிடைக்கிற கெட்டித் தயிர், சுமார் 120 கிராம். பொடித்த வெல்லம் 80 கிராம், கடலெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், சூடான காபி டிகாஷன் 60 மில்லி.

பொட்டுக்கடலையைச் சேலம் லீ பஜாரில் முழுசாக வாங்கி, செய்கிற அன்றைக்கே மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். அரைத்து நாளான மாவில் ஒரு சிக்கு வாசம் வந்துவிடும், சாக்லேட் அதை மறைக்காது. வெல்லம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாங்கினால் கரும்பழுப்பாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். பளபளவென்று மஞ்சளாக இருந்தால் நிறத்துக்காக ஏதோ சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு.

இதில் முக்கியமான வேலை டிகாஷனில்தான். கோகோவை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஃபில்டரில் இறங்கிய டிகாஷனைச் சூடாக அதன் மேல் ஊற்றிக் குழைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். முதலில் தூளாக மிதக்கும். கொஞ்ச நேரத்தில் கறுத்து, பளபளத்து, இளகிய சாக்லேட் மாதிரியே ஆகும். அந்த மணம் எழும்போதே தெரிந்துவிடும். சூட்டில் கோகோவின் வாசம் முழுசாக வெளியே வருகிறது, காபியின் கசப்பு அதைத் தூக்கிக் கொடுக்கிறது. சாப்பிடுகிறவர்களுக்குக் காபி தெரியாது, சாக்லேட் அழுத்தமாக இருக்கிறதே என்றுதான் சொல்வார்கள். நான் சிக்கரி கலக்காத ஏற்காட்டுக் காப்பித்தூள்தான் போடுகிறேன்.

இந்தக் குழைவு ஆறியதும் முட்டை, தயிர், வெல்லம், எண்ணெய் சேர்த்து நன்றாக அடியுங்கள். மாவு வகைகளைச் சலித்துக் கொட்டிய பிறகு அடிக்கக் கூடாது, கரண்டியால் மடித்து விட்டால் போதும். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். ஒரு பாலித்தீன் பையில் நிரப்பி, முனையை வெட்டி, எண்ணெய் தடவிய டோனட் தட்டின் குழிகளில் முக்கால் அளவுக்குப் பிழியுங்கள். ஆறு குழித் தட்டென்றால் இரண்டு ஈடு வரும். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரி செல்சியஸ், 10 முதல் 12 நிமிடம். கறுப்பு மாவில் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஒன்பதாவது நிமிடத்திலிருந்தே விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல மேலே வந்தால் எடுத்துவிடுங்கள். குச்சியில் ஈரத் துகள் இரண்டு ஒட்டியிருந்தால் அதுவே சரியான பதம், தட்டின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும்.

ஓவன் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில் 180 வைத்தால் உள்ளே 205 ஓடியது. நாலு ஈடு வீணான பிறகுதான் ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் பார்த்தேன். விற்ற கடையில் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார்கள்.

புரதக் கணக்குக்கு வருவோம். மேலே சொன்னபடி செய்தால் ஒரு டோனட்டில் ஏறக்குறைய 5 கிராம். பேக்கரியில் பொரித்து விற்கிற அதே அளவு டோனட்டில் 3, 4 கிராம் இருந்தால் அதிகம். மகனுக்கு இன்னும் வேண்டுமென்றால் கோதுமை மாவில் 30 கிராமைக் குறைத்து, மணமோ இனிப்போ சேர்க்காத வே பவுடர் 30 கிராம் போடுங்கள், கூடவே இரண்டு டேபிள்ஸ்பூன் பாலும். இப்போது ஒன்றுக்கு எட்டுக்குப் பக்கம் வரும். உங்களிடம் இருக்கிற சாக்லேட் பவுடரையே போடுவதானால் அதில் இனிப்பு ஏற்கெனவே இருக்கும், வெல்லத்தை 60 கிராமாக்குங்கள். நம் நாட்டுப் பரிந்துரைப்படி, நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். ஜிம்மில் எடை தூக்குகிற பையனுக்குக் கொஞ்சம் கூடவே தேவைப்படும். ஆனால் அதை டோனட்டிலேயே தேடச் சொல்லாதீர்கள். பருப்பும் முட்டையும் மீனும் தட்டில் இருக்கட்டும், இது மாலைப் பசிக்கு.

கேள்வி: உங்கள் வகுப்பில் கற்றுக்கொண்டு சேலத்தில் அம்மா வீட்டில் செய்தபோது அருமையாக வந்தது. ஏற்காட்டில் என் வீட்டில் அதே அளவு, அதே தட்டு. ஓவனுக்குள் பொங்கி எழுகிறது, வெளியே எடுப்பதற்குள் நடுவில் அமுங்கிவிடுகிறது. மேலே வந்தால் ஏன் இப்படி?
ஒரு பள்ளி ஆசிரியை, ஏற்காடு

பதில்: நீங்கள் மேலே போனதுதான் காரணம். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போனால் சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். உங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று உங்களுக்கே தெரியும். டோனட்டில் என்ன நடக்கிறதென்றால், பேக்கிங் பவுடர் விடுகிற வாயுவை அமுக்கிப் பிடிக்க அழுத்தம் போதவில்லை. அது சட்டென்று விரிந்து மாவைத் தூக்குகிறது. மாவு வெந்து சுவர் பிடிப்பதற்கு முன்பே குமிழ்கள் உடைந்துவிடுகின்றன.

அதனால் பேக்கிங் பவுடரை முக்கால் டீஸ்பூனாகக் குறையுங்கள், சோடாவில் ஒரு சிட்டிகை குறையுங்கள். வெல்லத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு, பால் ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், ஏனென்றால் அங்கே ஈரம் வேகமாக ஆவியாகும். ஓவனை 185 வைத்து ஒன்பதாவது நிமிடத்திலிருந்து பாருங்கள். இன்னொன்று, குளிரில் முட்டையும் தயிரும் பனிக்கட்டி மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையைப் பத்து நிமிடம் போட்டு எடுத்துப் பிறகு உடையுங்கள். காப்பிச் செடிக்கு நடுவில் இருக்கிறீர்கள், டிகாஷனுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஓவனும் இல்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.
ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: பணியாரக்கல் இருக்கிறதா? போதும். முட்டைக்குப் பதில் 80 கிராம் பனீரைக் கால் கப் பாலோடு மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைத்துச் சேருங்கள். புரதம் பெரிதாகக் குறையாது. குழிக்கு இரண்டு சொட்டு நெய் விட்டு, முக்கால் அளவு மாவு ஊற்றி, அடுப்பைச் சிறு தீயில் வைத்து மூடுங்கள். மூன்று நிமிடம் கழித்துக் குச்சியால் திருப்பிவிட்டு இன்னொரு இரண்டு நிமிடம். தீ கூடினால் வெளியே கருகி நடுவில் மாவாகவே நிற்கும். மெதுவடைக்கும் டோனட்டுக்கும் நடுவில் ஓட்டை போடுவது இதற்காகத்தான், பணியாரக் குழியில் அந்த ஓட்டை இல்லையே. பிள்ளைகளுக்கு உருண்டையாக இருந்தால் இன்னும் சந்தோஷம். சின்னப் பிள்ளைகளுக்குப் புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வெல்லம் போட்டது என்பதால் சர்க்கரை நோய் உள்ள என் கணவர் சாப்பிடலாமா?
ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: வெல்லமும் சர்க்கரைதான், அம்மா. ரத்தத்தில் அதே மாதிரிதான் ஏறும். மேலே சொன்ன அளவில் ஒரு டோனட்டுக்கு 10 கிராம் வெல்லம் வருகிறது. எப்போதாவது ஒன்று, அதுவும் அவருடைய டாக்டரைக் கேட்டுவிட்டு. சிறுநீரகத் தொந்தரவும் இருந்தால் புரதத்தின் அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், என் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மேலே ஊற்றுகிற சாக்லேட்டுக்கு எதை வாங்குவது? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?
ஒரு கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: கேக் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிற கட்டி பெரும்பாலும் காம்பவுண்ட் சாக்லேட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். உறையின் பின்பக்கம் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா என்று படித்து வாங்கு. டார்க் சாக்லேட் 50 கிராமை இரண்டு டேபிள்ஸ்பூன் சூடான பாலில் கரைத்தால் எட்டுக்கும் போதும். முழுசாக முக்காமல் தலையை மட்டும் தொட்டு எடு. மேலே வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவு.

தயிர் சேர்ந்த பண்டம், சேலம் வெயிலில் ஒரு நாள்தான் வெளியே தாங்கும். டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். குளிர்ந்தால் கொஞ்சம் இறுகும், அப்படியே கடித்துவிட்டு நன்றாக இல்லை என்று முடிவு செய்யாதே. மேலே சாக்லேட் தொடாததை இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டி எடு, ஓவனிலிருந்து எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். சாக்லேட்டைச் சாப்பிடுகிற நேரத்தில் தொட்டுக்கொள்ளலாம்.