பேரப்பிள்ளைக்குத் தூண்டில் பழக்குவது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பேரனுக்கு 5 வயது. இப்போதே கூட்டிப்போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அந்த வயதுப் பொறுமை அவ்வளவுதான். நடுவில் கல் பொறுக்கப் போனாலும் தவளையைத் துரத்தினாலும் விட்டுவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் தாத்தா" என்று அவன் கேட்கும்போதே கிளம்பிவிடுங்கள், அடுத்த வாரம் அவனே வந்து உங்களை எழுப்புவான். இன்னொன்று, உங்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மூத்த பேத்தியோடு போன முதல் நாள் நானும் ஒன்று போட்டேன், தண்ணீரில் மிதக்கும் என் தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவள் தூண்டிலின் நரம்பு, அதாவது மீன்பிடி நூல், சிக்குப்பிடித்ததைக் கவனிக்கவில்லை, அந்தச் சிக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடாமலே வெகுநேரம் நின்றிருக்கிறாள். இன்றும் அது மனசை உறுத்துகிறது.

கேள்வி: முதல் தூண்டிலே நரம்பைச் சுற்றும் ரீல் வைத்ததாக வாங்கலாமா?

பதில்: ரீல் அப்புறம். இப்போதைக்கு 5, 6 அடியில் எடை குறைந்த கோல், கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, நரம்பில் எடைக்குச் சின்னதாக ஒரு ஈயக்குண்டு, 10 அல்லது 12 எண் தூண்டில் முள். எண் கூடக் கூட முள் சிறியதாகும், கடையில் குழம்பிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பெரிய மீனைவிட அடிக்கடி கடி கிடைப்பதுதான் முக்கியம். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் அடியோடு விட்டுவிடுங்கள், ஈயம் விஷம், பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் செய்யும்.

கேள்வி: முள் குத்திவிடும் என்று மருமகள் அனுப்ப மறுக்கிறாள்.

பதில்: அவர் பயம் நியாயமானது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி ஒரு சிறு எதிர்முள் நிற்கும், அதைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். குத்தினாலும் வந்த வழியே சுலபமாக வெளியே வந்துவிடும், மீன் வாயிலிருந்து கழற்றவும் எளிது. வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்ப்பதை முதல் நாளே பழக்குங்கள், தொப்பியும் கண்ணாடியும் போடுங்கள், நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எதிர்முள் உள்ள முள் ஆழமாக ஏறிவிட்டால் இழுக்கவே கூடாது, நரம்பை வெட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். கண் பக்கம் என்றால் கையே வைக்காதீர்கள்.

கேள்வி: தக்கை ஆடியதுமே பேத்தி இழுத்துவிடுகிறாள். மீன் மாட்டுவதே இல்லை.

பதில்: எல்லாப் பிள்ளையும் செய்வதுதான். தக்கை துள்ளித் துள்ளிச் சின்ன வட்ட அலை எழுந்தால் மீன் இரையைக் கொத்திப் பார்க்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு நொடி சும்மா நிற்கும், அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்து சரிந்து உள்ளே போகும். சில சமயம் மீன் இரையைத் தூக்கிவிடுவதால் தக்கை படுத்தும் விடும். கோலைச் சுண்ட வேண்டிய நேரம் அதுதான், அதுவும் மணிக்கட்டால் மட்டும். நான் சொல்லிக்கொடுப்பது, தக்கை மறைந்ததும் வாய்விட்டு "ஒண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுண்டு என்று. குண்டின் எடையையும் பாருங்கள், தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தால் லேசான கடியும் தெரியும்.

கேள்வி: பேசினால் மீன் ஓடிவிடுமா?

பதில்: கரையில் பேசும் பேச்சு தண்ணீருக்குள் அதிகம் போகாது, தாராளமாகக் கதை சொல்லுங்கள். தொம் தொம்மென்று ஓடுவதுதான் ஆகாது, அந்த அதிர்வை மீன் உடம்பாலேயே உணரும்.

கேள்வி: முதல் மீனைப் பிடித்ததும் பேரன் அழுதுவிட்டான், திரும்ப விடச் சொல்கிறான்.

பதில்: விட்டுவிடுங்கள், அழுததைக் கேலி மட்டும் செய்யாதீர்கள். தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மீன் மேலுள்ள வழுவழுப்புதான் அதை நோயிலிருந்து காக்கிறது, காய்ந்த கை பட்டால் அது போய்விடும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் வாய்க்கு அருகே நரம்பை வெட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் இரு கையாலும் தளரப் பிடித்திருந்தால் போதும், தெம்பு வந்ததும் அதுவே நழுவிப் போய்விடும். அந்த நழுவல் அவன் கையில் நடக்கட்டும், உங்கள் கையில் வேண்டாம்.