கழற்றிய பெல்ட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருக்கிறேன், ஹைட்ரோஸ்டாட்டிக் வகை (கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது). முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது. அரை மணி நேரம் போனதும் மேட்டில் ஏற மறுக்கிறது, இன்ஜின் மட்டும் இரைந்துகொண்டு நிற்கிறது. போன சீசனில்தான் டிரைவ் பெல்ட் மாற்றினேன், அதற்குள் மறுபடியும் தேய்ந்த மாதிரி இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உள்ளே தேய்ந்துபோன ஹைட்ரோஸ்டாட்டிக்கும் இப்படித்தான் செய்யும், எண்ணெய் சூடேறி நீர்த்ததும் அழுத்தம் குறைந்து மேட்டில் திணறும். ஆனால் பெல்ட் வழுக்கினாலும் வெளியே தெரிவது இதேதான், வழுக்க வழுக்கச் சூடு, சூடாக ஆக இன்னும் வழுக்கல். நான் பெல்ட் பக்கம் சந்தேகப்படுவதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. போன சீசனில் போட்ட பெல்ட் தானாக இவ்வளவு சீக்கிரம் தேயாது, ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அது எது என்று தெரியாமல் டிரான்ஸ்மிஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

முதலில் காசு செலவில்லாத இரண்டைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது வண்டியைத் தள்ளுவதற்கு என்று பின்பக்கம் ஒரு கம்பியோ நெம்புகோலோ இருக்கும், அது முழுதாக ஓட்டும் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா? பாதியில் நின்றிருந்தால் எண்ணெயின் ஒரு பகுதி வேலை செய்யாமலே சுற்றி வந்துவிடும். அப்புறம் பின் சக்கரம். பல வண்டிகளில் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சிறு சதுர இரும்புத் துண்டுதான் (சாவி என்பார்கள்) இழுப்பைக் கடத்துகிறது, அது அறுந்திருந்தால் அச்சு சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் பெல்ட்டைக் கழற்ற வேண்டியதுதான். சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, ஸ்டார்ட் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். இதை யாருமே ஒழுங்காகச் செய்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: கீழே கையை விட்டுப் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றும்போது இன்ஜின் ஒரே ஒரு தடவை உதைத்தாலும் விரல் போய்விடும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் போக வேண்டும்.

கையில் வந்த பெல்ட்டை ஒரு துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், சாண் சாணாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். இரண்டு பக்கச் சுவர்களும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப் போயிருந்தால் அது வழுக்கியிருக்கிறது, பெரும்பாலும் புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூளும் படிந்திருக்கும், எரிந்த ரப்பர் வாசனையும் வரும். ஒரு பக்கம் மட்டும் அரைபட்டிருந்தால் புல்லிகள் ஒரே மட்டத்தில் இல்லை, நீளமான இரும்பு ஸ்கேலை இரண்டு புல்லிகளின் முகத்திலும் சேர்த்து வைத்தால் கோணல் தெரிந்துவிடும் (விளிம்புகள் வெவ்வேறு தடிமனாக இருந்தால் பள்ளத்தின் நடுவிலிருந்து கணக்குப் பாருங்கள்). முதுகுப்பக்கத் துணி நார் நாராகப் பிரிந்திருந்தால் வழிகாட்டிக் கம்பி எங்கோ உரசுகிறது, இல்லையென்றால் முதுகில் உருளும் தட்டையான ஐட்லர் (ஸ்பிரிங் இழுப்பில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) சுற்றாமல் இறுகிவிட்டது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருகிய குழி இருந்தால், பெல்ட் நின்றுகொண்டிருக்க இன்ஜின் புல்லி மட்டும் சுற்றியிருக்கிறது. தொட்டால் பிசுபிசுவென்று ஊதியிருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. இன்ஜினின் அடி சீல் பெல்ட்டுக்கு நேர் மேலேதான் இருக்கிறது, அந்தக் கசிவை நிறுத்தாமல் புது பெல்ட் போடுவது வீண். உள்பக்கம் முழுக்கக் குறுக்கு விரிசல்கள் இருந்தால் வயதும் சூடும், அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, மாற்றினால் போதும்.

இனி புல்லி. என் அனுபவத்தில் பெல்ட்டை நாலு தடவை மாற்றுகிறவர்கள் கூட புல்லியை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பதில்லை, உங்கள் வண்டியிலும் கோளாறு இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வி பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. ஆப்பு அடித்த மாதிரி இரண்டு பக்கச் சுவர்களில் நெருக்கிப் பிடித்துத்தான் இழுக்கிறது, அடிப்பக்கம் எதிலும் படவே கூடாது. அதனால் பள்ளத்தின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பழைய பெயின்ட்டோ அழுக்கோ மங்கலாக இருந்தால் நல்லது, அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் கீழே இறங்கி உரசுகிறது, ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இனி அது பிடிக்காது. புது பெல்ட்டை வைத்துப் பாருங்கள், சரியான அளவு என்றால் அதன் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை மேலேயோ நிற்க வேண்டும். புதுசே உள்ளே இறங்கினால் தேய்ந்தது புல்லி.

இன்னொரு சோதனை. ஒரு சின்ன இரும்பு ஸ்கேலின் நேர் விளிம்பைப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சுவர் நேராக இருந்தால் வெளிச்சம் வராது. நடுவில் ஒரு பிறைபோல வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. இந்தக் குழி 0.8 மி.மீ., அதாவது அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதைத் தாண்டினால் புல்லியை மாற்றிவிடுங்கள். குழிந்த சுவரில் புது பெல்ட்டின் ஓரங்கள் மட்டும்தான் படும், முழுப் பளுவையும் அந்த ஓரங்களே தாங்கி சரசரவென்று அரைபடும். பழைய பெல்ட்டோ அந்தக் குழிக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்தியிருக்கும், அதனால்தான் பல பேர் பழசே பரவாயில்லை, புதுசு தரம் சரியில்லை என்று பெல்ட்டைக் குறை சொல்கிறார்கள்.

நானும் ஒரு சீசனில் இரண்டு பெல்ட் மாற்றியிருக்கிறேன். மூன்றாவதை வாங்குவதற்கு முன்னால் ஐட்லரின் வி பள்ளத்துக்குள் சுட்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினேன், சுவர் வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்தது, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நகம் ஒரு படியில் தட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தகடு புதுசு போல மின்னியது. அந்தப் படிக்குக் கீழே இருந்த தகடு முழுக்கப் பெல்ட் அரித்தது. அந்த ஒரு ஐட்லரை மாற்றினேன், அதோடு நின்றது. அதிலிருந்து எந்தப் புல்லி மின்னினாலும் முதலில் நகத்தைத்தான் வைக்கிறேன்.

ஐட்லரைக் கையால் சுண்டியும் விடுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல், உள்ளே கிரீஸ் இருப்பதால் லேசான இழுப்போடு சுற்றி நிற்கும். கரகரத்தால் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் உஸ்ஸென்று வெற்றுச் சத்தத்தோடு வெகுநேரம் சுற்றினால் அதை நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், கிரீஸ் காய்ந்துபோனதன் அறிகுறி அது. விளிம்பை இரண்டு கையால் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. நடு ஓட்டையைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசித் துருவாக வருகிறது. இன்ஜின் புல்லியைப் பார்க்க, பிளக் வயர் கழன்றிருக்கும்போதே இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைகிறதா என்று தெரியும், கூடிக் குறைந்தால் புல்லி வளைந்திருக்கிறது அல்லது ஷாஃப்ட்டில் லூசாகிவிட்டது.

கடைசியாக ஐட்லர் தாங்கும் கை. இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். அச்சில் துருவும் மண்ணும் இறுகிச் சோம்பலாக வந்தால் பெல்ட்டுக்கு இறுக்கமே கிடைக்காது, கழற்றிச் சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும், செலவே இல்லை. இழுவை ஸ்பிரிங் என்றால், சும்மா இருக்கும்போதே சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது.

இத்தனையும் பார்த்து எல்லாம் நன்றாக இருந்து, பெல்ட் சுவரும் பளபளக்காமல், கறுப்புத் தூளும் இல்லாமல் இருந்தால் பழுது பார்ப்பவர் சொன்னது சரி. அப்போதும் உங்களுடையது எண்ணெய் மாற்ற வசதியுள்ள வகையா என்று முதலில் கேளுங்கள், மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய செலவை யோசிக்கலாம்.

கேள்வி: என்னுடையது கியர் போட்டு ஓட்டும் பழைய வண்டி. பழைய பெல்ட்டில் ஏ46 என்று மங்கலாகத் தெரிந்தது, கடையில் 46 என்று கேட்டதும் 4எல்460 கொடுத்தார்கள், நெம்பித்தான் மாட்ட முடிந்தது. இப்போது பெடலை முழுக்க மிதித்தாலும் வண்டி நகர்கிறது.

பதில்: முதலில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். நிறுத்தினால் நிற்காத இயந்திரம், அடியில் கத்தி வேறு சுழல்கிறது.

இரண்டும் அரை அங்குல அகலம்தான், ஆனால் எண் வேறு கணக்கு. ஏ46 என்றால் உள்சுற்று 46 அங்குலம். 4எல்460 என்றால் வெளிச்சுற்று 46.0 அங்குலம். ஏ46க்கு இணையானது 4எல்480. ஆக உங்களுக்குக் கிடைத்தது 2 அங்குலம் குட்டை. உங்கள் வகை வண்டியில் பெடலை மிதித்தால் ஐட்லர் விலகி பெல்ட் தொளதொளவென்று ஆக வேண்டும், அதுதான் கிளட்ச். குட்டை பெல்ட் தளரவே தளராது, இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரியான நீளம் போட்ட பிறகும் நகர்ந்தால் புல்லி ஓரத்தில் இருக்கும் வழிகாட்டிக் கம்பிகளைப் பாருங்கள். தளர்ந்த பெல்ட்டைப் புல்லியிலிருந்து தள்ளி நிறுத்துவது அவைதான், வளைந்தாலோ இடம் மாறினாலோ பெல்ட் தொட்டுக்கொண்டே இருக்கும்.

ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பியிருந்தால் அந்த பெல்ட்டை வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் இழைக்கயிறு ஓரத்தில் அறுந்திருக்கும், வெளியே தெரியாது, பளு ஏறும்போது பெல்ட் பள்ளத்துக்குள்ளேயே புரண்டுகொள்ளும். கார் ஃபேன் பெல்ட் அளவு பொருந்துகிறது என்றும் சிலர் போடுகிறார்கள், வேண்டாம். புல்வெட்டியின் கிளட்ச் பெல்ட்டைச் சுற்றிலும் துணி போர்த்தியிருப்பது அது மெதுவாக வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். பழைய பெல்ட்டை நூல் வைத்து அளந்து வாங்குவதும் தப்பு, அது நீண்டு போயிருக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கத்தியை இயக்கும்போது பெல்ட் கிரீச்சிடுகிறது. சோப்பு தேய்க்கலாம், பெல்ட் ஸ்பிரே அடிக்கலாம் என்கிறார்கள்.

பதில்: எதுவுமே தேய்க்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஒட்டும் எதைப் பூசினாலும் புல் தூள் போய் அப்பிக்கொள்ளும், சத்தம் ஒரு நாள் நிற்கும், மறுநாள் பள்ளமே அடைந்துபோகும். டெக் (கத்திகள் சுழலும் அடிக்கூடு) மூடியைக் கழற்றி, புல்லிப் பள்ளங்களில் காய்ந்து இறுகிய புல்லை ஒரு குச்சியால் சுரண்டி எடுங்கள். லேசான துரு இருந்தால் பொடி உப்புத்தாளால் தேயுங்கள், அரம் போடாதீர்கள். பிறகு ஒவ்வொரு கத்தித் தண்டையும் தனித்தனியாகக் கையால் சுற்றுங்கள் (பிளக் வயரைக் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு). அவற்றில் ஒன்று மட்டும் கனமாகச் சுற்றினால் கிரீச்சுக்குக் காரணம் அந்த பேரிங்தான்.

கேள்வி: பல மாதம் நிறுத்தி வைத்து எடுத்தேன். ஓடும்போது தட் தட் என்று ஒரே தாளத்தில் தட்டுகிறது.

பதில்: ஒரே நிலையில் புல்லியை அணைத்தபடி கிடந்ததில் பெல்ட் அந்த வளைவிலேயே படிந்திருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பளு இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் தட்டினால் நிறுத்தி, எலி கடித்த இடமோ புடைத்த இடமோ இருக்கிறதா என்று பெல்ட் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள், புல்லிப் பள்ளத்தில் எலிக்கூட்டுக் குப்பை சிக்கியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.