முகம் இல்லாத குரலுக்கு வாய் அதிகமா?

கேள்வி: ‘ஹண்டர் × ஹண்டர்’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடரில் முகமே காட்டாத ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். மனிதரைத் தின்னும் கிமேரா எறும்புகளின் அரண்மனையை ஹண்டர்கள் தாக்கும் பகுதியில் தாங்கவே முடியவில்லை. கண்ணுக்குத் தெரிவதை வாயாலும் சொல்வது இயக்குநரின் கையாலாகாத்தனம்தானே?

பதில்: கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் கையாலாகாத்தனம்தான். தெரியாததைச் சொன்னால்? உங்களுக்கு எரிச்சல் மூட்டிய இடத்துக்கே போவோம்.

நள்ளிரவு. ஹண்டர்களின் தலைவரான கிழவர் நெதெரோ வானத்திலிருந்து இறங்குகிறார். எறும்பு அரசனின் மூன்று மெய்க்காவலர்களில் ஒன்றான பிட்டோ அவர்மீது பாய்கிறது. அவர் கை கூப்புகிறார். பாய்ச்சலுக்கும் அடிக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அந்த இடுக்கில் நுழைந்துதான் குரல் பழங்கதை சொல்கிறது. 46 வயதில், ஒரு குளிர்காலத்தில், தன்னை வளர்த்த கலைக்கு நன்றிக்கடன் செலுத்த மலையேறுகிறார் நெதெரோ. கும்பிட்டு, நிலையெடுத்து, ஒரு குத்து. இப்படி நாளைக்கு 10,000. தொடக்கத்தில் ஒரு குத்துக்கு ஐந்தாறு வினாடி ஆகிறது. முடிப்பதற்குள் 18 மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிஞ்சிய நேரத்தைக் கும்பிடுவதில் செலவிடுகிறார்.

இதைப் படம் மட்டும் சொல்லட்டும் பார்ப்போம். தாடிக்காரர் ஒருவர் காற்றைக் குத்துவது தெரியும். கணக்கு தெரியாது, நன்றி தெரியாது. பிட்டோ அந்தரத்தில் நிற்க, ஆண்டுகள் ஓடி முடிகின்றன, அதன் பிறகே அடி விழுகிறது. அத்தனை நேரம் குரல் நம்மைக் காக்க வைத்ததால்தான் அந்த அடியின் வேகம் உறைக்கிறது. அதே கணத்தில் மாடிப்படியில் இன்னொரு மெய்க்காவலன் யூபி நிற்கிறான், கதாநாயகச் சிறுவன் கொன்னும் கூட்டாளிகளும் படியேறுகிறார்கள், மூன்றாவது மெய்க்காவலன் பூஃப் அரசனிடம் விரைகிறான். திரை ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் காட்டும். இவை எல்லாம் ஒரே கணம் என்ற கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டாமா?

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. யோஷிஹிரோ தொகாஷி வரைந்த மூல மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) இவை அச்செழுத்துகள். வேண்டியவர் நின்று படிக்கலாம், வேண்டாதவர் தாண்டலாம். குரலை அப்படித் தாண்ட முடியாது. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் பயத்தை மறுபடி விளக்கும் இடங்களில் தொடரை எடுத்த மேட்ஹவுஸ் நிறுவனத்தார் கத்தரியை எடுத்திருக்கலாம். ஆனால் தொடர் 2011 அக்டோபர் முதல் 2014 செப்டம்பர் வரை வாரம் ஒன்றாக வந்தது. ஏழு நாள் கழித்து வந்து உட்காருபவருக்கு யார் எங்கே நின்றார்கள் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. பத்து எபிசோடை ஓர் இரவில் விழுங்குகிறவருக்கு அது தொணதொணப்பாகத்தான் கேட்கும்.

ஜப்பானியர்களுக்கு இது புதிதும் அல்ல. ஊமைப்பட காலத்தில் அங்கே திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்ன பென்ஷிகளுக்காகவே கூட்டம் சேர்ந்தது. (இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ அவர்களில் ஒருவர்.) ‘காகுயா-சாமா’ என்ற அனிமே தொடரில் முதலில் காதலைச் சொல்பவர் தோற்றவர் என்று நினைக்கும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் திருட்டுப் பார்வைகளை யுதாகா அவோயாமாவின் குரல் போர்க்களச் செய்தியாக வாசித்து, கடைசியில் இன்று தோற்றது யார் என்றும் அறிவிக்கிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் நகைச்சுவையில் பாதி போய்விடும்.

இன்னொன்று. அரண்மனையில் அவ்வளவு பேசிய அதே குரல், எறும்பு அரசன் மெரூமும் அவனோடு பலகை விளையாட்டு ஆடும் பார்வையற்ற பெண் கொமுகியும் இருட்டில் கடைசியாகப் பேசிக்கொள்ளும்போது குறுக்கே வரவில்லை. அதைக் கவனிக்காமலா கையாலாகாத்தனம் என்றீர்கள்? பிட்டோ பாயும் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். என்ன புரிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.